ஏற்பி எங்கே இருந்தது?

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு மாணவர் மட்டும் ஆய்வகத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர்க்காரர். கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர். என்ன என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"அம்மாவுக்கு மார்புல கட்டி எடுத்தாங்க சார். அதோட ரிப்போர்ட். இதுல ரெண்டு இடத்துல பாசிட்டிவ்னு போட்டிருக்கு. வீட்ல இன்னும் சொல்லலை."

பாசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும்படி நம் காலம் நம்மைப் பழக்கியிருக்கிறது. தாளைப் பார்த்தேன். "இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்" என்றிருந்தது. அடுத்த வரியில், உட்கருக்களில் சாயம் ஏறியுள்ளது என்றொரு குறிப்பு. நான் இயற்பியல் ஆசிரியன். இதில் நான் சொல்வதைவிட மருத்துவர் சொல்வதே சரி என்று, மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் இரண்டே நிமிடத்தில் விளக்கிவிட்டார். "இந்த பாசிட்டிவைக் கண்டு பயப்படாதீங்க தம்பி. மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய வகைன்னு அர்த்தம்."

மாணவரின் முகம் தெளிந்தது. ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "உட்கருவில சாயம் ஏறியிருக்குன்னு எதுக்கு சார் தனியா எழுதணும்? செல்லுல எங்க இருந்தா என்ன?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோதுதான் ஒரு கால் நூற்றாண்டுக் கதை எனக்குக் கிடைத்தது. அதில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்கும் இடம் உண்டு. கரைசலில் கிடைத்த ஒரு பொருள், உயிருள்ள செல்லிலும் கரைந்துதான் இருந்ததா என்பதே அந்தக் கதையின் முடிச்சு.

எல்லா வீட்டுக்கும் ஒலிபரப்பு, சில வீடுகளில் மட்டும் பாட்டு

முதலில் ஏற்பி என்றால் என்ன என்று பார்ப்போம். வானொலி நிலையத்திலிருந்து வரும் அலை ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மேலும் விழுகிறது. ஆனால் பாட்டுக் கேட்பது வானொலிப் பெட்டி உள்ள வீட்டில் மட்டுமே. அதுவும் பெட்டியை அந்த அலைவரிசைக்குத் திருப்பி வைத்திருந்தால்தான்.

நம் உடலில் ஹார்மோன்களின் கதையும் இதுவே. சுரப்பியிலிருந்து புறப்படும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் கை விரலுக்கும் போகிறது, கருப்பைக்கும் போகிறது. கருப்பை வளர்கிறது, விரல் அசையாமல் இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? கருப்பைச் செல்களில் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருளே ஏற்பி.

இந்த எண்ணம் பழையது. நிக்கோட்டின், குராரே ஆகிய நஞ்சுகள் தசையில் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் உடலியலாளர் லாங்லி, தசையில் "ஏற்கும் பொருள்" ஒன்று இருக்க வேண்டும் என்று 1905லேயே எழுதினார். ஜெர்மனியின் பால் எர்லிக் நச்சுப்பொருள்களைப் பற்றி ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் அந்தப் பொருளைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அரை நூற்றாண்டுக் காலம் ஏற்பி என்பது சொல்லாக மட்டுமே இருந்தது.

ஐந்து பேர் கேட்ட சொற்பொழிவு

அதைப் பொருளாக்கிக் காட்டியவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்து வேதியியலாளர் எல்வுட் ஜென்சன். ஈஸ்ட்ரோஜனை மற்றவர்கள் நொதிகளின் துணைப்பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். செல் ஹார்மோனை என்ன செய்கிறது என்பது இருக்கட்டும். ஹார்மோன் எங்கே போய்த் தங்குகிறது?

இதை அறிய ஹார்மோனுக்கு ஓர் அடையாளம் வேண்டும். இங்கேதான் இயற்பியல் கைகொடுத்தது. சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் உண்டு. டிரிட்டியம் என்னும் ஹைட்ரஜனில் அதனுடன் இரண்டு நியூட்ரான்களும் உண்டு. வேதியியலில் இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும். ஆனால் டிரிட்டியம் கதிரியக்கமுள்ளது. பீட்டா துகளை வெளியிட்டுத் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஜென்சனும் அவருடைய துணைவர் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனில் டிரிட்டியத்தைப் பொருத்தி, இளம் பெண் எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தினார்கள்.

தசையிலும் இரத்தத்திலும் ஹார்மோன் வந்தது, விரைவில் வெளியேறிவிட்டது. கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. அதன் வேதி அமைப்பும் மாறவில்லை. பற்றிக்கொள்ள அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

இந்த முடிவை 1958ல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் ஜென்சன் வாசித்தார். கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் அதே அமர்வின் மற்ற பேச்சாளர்கள் என்று அவரே பின்னாளில் சொல்வதுண்டு. நொதிகளைப் பற்றிய பேச்சுக்கு வேறொரு மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்ததாம். காலம் யாருடைய பக்கம் என்பதை அன்றைய கூட்டம் அறியவில்லை.

ஜி. சியாமளா

அதே 1958ஆம் ஆண்டில், 19 வயதுப் பெண் ஒருவர் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பெயர் சியாமளா. சென்னையில் 1938ல் பிறந்தவர். தந்தை பி. வி. கோபாலன் மத்திய அரசு அலுவலர். அவருடைய ஊர் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். மகள் டில்லியில் லேடி இர்வின் கல்லூரியில் படித்தது மனையியல். சமையலும் தையலும் சொல்லித்தரும் படிப்பு என்று பலர் இளக்காரமாகப் பேசிய பாடம் அது. அதைப் படித்தவர் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து, ஹார்மோன் இயல் ஆகியவற்றில் சேர்ந்து, 1964ல் முனைவர் பட்டம் பெற்றார். முழுக் கோதுமை மாவிலிருந்து டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் ஒரு புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்தியதே அவருடைய ஆய்வு. ஆயிரம் பொருள்கள் கலந்த கலவையிலிருந்து ஒரு புரதத்தைத் தனியே எடுக்கும் கைப்பழக்கம் அதில் வந்தது.

அந்தக் கைப்பழக்கத்தோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் இலினாய் பல்கலைக்கழகம். ஜேக் கோர்ஸ்கி என்பவரின் ஆய்வகம். அங்கே 1966ல் டேவிட் டாஃப்ட் என்ற ஆய்வாளரும் கோர்ஸ்கியும் சேர்ந்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைச் செல்லிலிருந்து வெளியே எடுத்துக் காட்டியிருந்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதைக் கவனமாகப் பாருங்கள். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

எலியின் கருப்பையைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் இட்டு நன்றாக அரைக்க வேண்டும். செல்கள் உடைந்து கூழாகும். கூழைக் குழாயில் ஊற்றி மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். கனமான உட்கருக்கள் மெதுவான சுழற்சியிலேயே அடியில் படிந்துவிடும். மீதியை மிக வேகமாகச் சுழற்றினால் சவ்வுத் துணுக்குகளும் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரைத்தான் செல்லின் சாறு என்று கொள்வது வழக்கம். செல்லில் உட்கருவுக்கு வெளியே கரைந்த நிலையில் இருப்பவையெல்லாம் அதில் இருக்கும் என்பது கணக்கு.

ஹார்மோனைத் தொடாத செல்களில் ஏற்பி இந்தத் தெளிந்த நீரில்தான் கிடைத்தது. சர்க்கரைக் கரைசலின் அடுக்குகளில் அதை இட்டுச் சுழற்றியபோது 9.5 ஸ்வெட்பெர்க் என்ற வேகத்தில் இறங்கியது. அதாவது பெரிய புரதம். ஆக, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கரையும் ஏற்பி என்று முடிவாயிற்று.

சியாமளாவும் கோர்ஸ்கியும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். ஹார்மோன் கடைசியில் வேலை செய்வது உட்கருவில், ஜீன்களின் மேல். வெளியே கரைந்து கிடக்கும் ஏற்பிக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? கருப்பைத் திசுவைக் கதிரியக்க ஹார்மோனோடு குளிரில் வைத்தார்கள். ஹார்மோன் சாற்றிலுள்ள ஏற்பியைப் பற்றியது, உட்கருவில் அதிகமில்லை. அதையே 37 டிகிரி உடல் வெப்பத்தில் வைத்தார்கள். சாற்றில் ஏற்பி குறைந்தது, உட்கருவில் கூடியது. 1969ல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் நம் ஊர் முறைப்படி, தந்தை பெயரின் முதலெழுத்தோடு "ஜி. சியாமளா" என்று இருக்கிறது.

1968ல் கோர்ஸ்கியின் குழுவும் சிகாகோவில் ஜென்சனின் குழுவும் தனித்தனியே ஒரே கொள்கையை வெளியிட்டன. முதற்படியில் ஹார்மோன் செல்லுக்குள் வந்து, வெளியறையில் கரைந்து மிதக்கும் ஏற்பியைச் சேர்கிறது. இரண்டாம் படியில் இருவரும் சேர்ந்து உட்கருவுக்குள் குடிபோகிறார்கள். இதற்கு இருபடிக் கொள்கை என்று பெயர். கேட்பதற்கு அழகு, படம் போடுவதற்கு எளிது. பதினைந்து ஆண்டுக் காலம் பாடப் புத்தகங்களில் இந்தப் படமே அச்சாயிற்று.

பிழிந்த தேன்

சென்ற கோடை விடுமுறையில் அந்த மாணவரின் ஊருக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் போலத் தேனும் பெயர்பெற்றது. வீட்டுத் திண்ணையில் அவருடைய பெரியப்பா தேனடையை வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். கீழே சட்டியில் தேன் சொட்டியது. துணியில் மெழுகு தங்கியது.

"அப்படியே பிழிஞ்சா புழு இருக்கிற பக்கத்துச் சாறும் கலந்துடும் சார். தேன் புளிச்சுப் போகும். அதனால மேல்பக்கத்தை மட்டும் அறுத்து எடுக்கணும்" என்றார் அவர்.

அடையின் மேற்பகுதி அறைகளில் தேன், அதற்குக் கீழே மகரந்தம், அதற்கும் கீழே புழுக்கள் என்பது தேனீயின் ஒழுங்கு. முழு அடையையும் பிழிந்துவிட்டால் அந்த ஒழுங்கு போய்விடும். சட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லலாம். எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்கலாம். ஆனால் எந்த அறையில் எது இருந்தது என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

1665ல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, கண்ட சிறு அறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அறை என்பதுதான் அதன் பொருள். அந்த அறைகளை அரைத்துக் கூழாக்கிவிட்டு, உள்ளே எந்த மூலையில் எது இருந்தது என்று சட்டி நீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோமா என்ற ஐயம் 1970களில் சிலருக்கு எழுந்தது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இந்த ஐயம் புதிதல்ல. ஒரு சொட்டு வெந்நீரின் வெப்பநிலையைப் பெரிய வெப்பமானியால் அளந்தால், வெப்பமானியே சொட்டின் சூட்டை உறிஞ்சிவிடும். நாம் படிப்பது சொட்டின் சூடு ஆகாது. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், இரவு வேலைக்கு முன்பே குவிமாடத்தைத் திறந்துவைத்து உள்ளிருக்கும் சூட்டைக் குறைப்பார்கள். உள்ளே தங்கிய வெப்பக் காற்றில் விண்மீனின் உருவம் அலைபாயும். அந்த அலைச்சல் விண்மீனுடையதா, நம் கூடத்தினுடையதா என்பதைப் பிரித்தறியாமல் வானியல் இல்லை.

ஏற்பியின் விஷயத்தில் ஐயம் இப்படிப் போயிற்று. ஏற்பி உயிருள்ள செல்லில் உட்கருவுக்குள்ளேயே இருக்கலாம், ஆனால் தளர்வாகப் பற்றிக்கொண்டு. தளர்வான பிணைப்பு எப்போதும் ஒரு சமநிலை: சில மூலக்கூறுகள் விடும், சில பற்றும். செல்லை உடைத்துப் பல மடங்கு நீரை ஊற்றினால் என்ன ஆகும்? சமநிலை விடும் பக்கம் சாயும். விட்டவை நீரில் பரவிவிடும், திரும்பிப் பற்ற வாய்ப்பு குறைவு. உட்கரு அடியில் படியும். ஏற்பி மேல்நீரில் நிற்கும். ஹார்மோன் சேர்ந்த ஏற்பியோ, உடல் வெப்பத்தில் வடிவம் மாறி உட்கருவை இறுகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் வராது. ஆக, குளிரில் சாற்றிலும் சூட்டில் உட்கருவிலும் ஏற்பி தென்பட்டதற்கு, அது இடம் மாறியது காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிடி மாறியதே போதும். 1979ல் ஷெரிடனும் அவருடைய குழுவினரும் சமநிலை என்ற இந்தக் கருத்தையே முன்வைத்து எழுதினார்கள்.

ஐயம் ஐயமாகவே நின்றது. செல்லை உடைக்காமல் உள்ளே பார்க்க வழி வேண்டும்.

ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள்

வழி இரண்டு திசையிலிருந்து வந்தது. இரண்டும் "நேச்சர்" என்ற ஆங்கில விஞ்ஞான இதழில், 1984 பிப்ரவரியில், அடுத்தடுத்த பக்கங்களில் வெளியாயின.

முதல் வழி சாயம். 1975ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர், ஒரே ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு ஒட்டும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதைக்கொண்டு சிகாகோவில் கிங், கிரீன் ஆகியோர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, அதனுடன் சாயம் தோன்றச் செய்யும் நொதியையும் இணைத்தார்கள். திசுவை அரைக்கவில்லை, மெல்லிய சீவலாக அறுத்து எதிர்ப்பொருளை ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஹார்மோன் இல்லாத நிலையிலும் சாயம் உட்கருவில்தான் ஏறியிருந்தது. வெளியறை வெறுமையாக இருந்தது.

இரண்டாவது வழி இயற்பியலுக்கு நெருக்கமானது. சைட்டோகலாசின் என்ற பொருளைக் கொடுத்துச் செல்லைச் சுழற்றினால், உட்கரு மெல்லிய சவ்வைப் போர்த்துக்கொண்டு கொட்டை நழுவுவதுபோல வெளியேறிவிடும். உட்கரு தனி, மிச்சம் தனி. எதுவும் கூழாவதில்லை, நீரில் கரைவதுமில்லை. இரண்டையும் தனித்தனியே அளந்தபோது, ஹார்மோனைக் காணாத ஏற்பியில் பெரும்பகுதி உட்கருப் பாகத்தில் இருந்தது. இதைச் செய்தவர்கள் வெல்ஷன்ஸ், லீபர்மன், மூன்றாமவர்... ஜேக் கோர்ஸ்கி!

ஆம், வாசகர்களே. இருபடிக் கொள்கையை எழுதிய அதே கோர்ஸ்கி. மற்றொரு கட்டுரையின் கிரீனும் ஜென்சனின் ஆய்வகத்தில் வளர்ந்தவர். கொள்கையைக் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்தே அதைத் திருத்தும் கட்டுரைகள் வந்தன. தம் பெயரோடு பாடப் புத்தகத்தில் இருந்த படத்தை ஒருவர் தாமே அழித்து வரைவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

எது நின்றது, எது போயிற்று?

அப்படியானால் 1969ஆம் ஆண்டுக் கட்டுரை பொய்யா? இல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் இளைஞர்கள் நிதானிக்க வேண்டும்.

சியாமளாவும் கோர்ஸ்கியும் அளந்த எண்கள் இன்றும் சரி. குளிரில் சாற்றில் கிடைக்கும், சூட்டில் உட்கருவில் கிடைக்கும் என்பதை இன்று யார் செய்தாலும் காண்பார்கள். ஹார்மோன் சேர்ந்தவுடன் ஏற்பியின் தன்மை மாறுகிறது, பிடி இறுகுகிறது என்பதும் சரி. இரண்டு படிகள் என்பதும் நின்றது. போனது ஒன்றே ஒன்று: சட்டியில் கண்ட இடத்தையே செல்லில் இருந்த இடம் என்று கொண்டது. கண்டது ஒன்று, கருதியது இன்னொன்று. கண்டது நிலைத்தது, கருதியது திருத்தப்பட்டது.

அந்தக் கருத்தும் முற்றும் வீணாகவில்லை. கார்டிசோல் போன்ற அட்ரினல் ஹார்மோன்களின் ஏற்பி, உண்மையாகவே உட்கருவுக்கு வெளியே துணைப் புரதங்களோடு காத்திருந்து, ஹார்மோன் சேர்ந்த பிறகு உள்ளே போவதே பெரும்பாலும் நடப்பது. அண்ணனுக்குப் பொருந்தாத சட்டை தம்பிக்குப் பொருந்திற்று.

சியாமளா மார்புச் சுரப்பியின் பக்கம் ஆய்வைத் திருப்பினார். கனடாவில் மான்ட்ரியல் நகரிலும், பின்பு கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆய்வகத்திலும் பணியாற்றினார். அவர் கைக்கொண்டது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி. அந்த ஏற்பிக்கு ஏ, பி என இரண்டு வடிவங்கள் உண்டு. எலிகளில் அவற்றின் விகிதத்தை மாற்றினால் மார்புச் சுரப்பியின் வளர்ச்சியே கெடுகிறது என்பதை அவருடைய குழு 1998ல் வெளியிட்டது. 2009 பிப்ரவரியில் அவர் புற்றுநோயால் காலமானார். அவருடைய மூத்த மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்தார். அதனால் நம் ஊரில் பலரும் சியாமளாவை ஒருவரின் தாயார் என்றே அறிவார்கள். இனி அவரை ஏற்பியின் இருப்பிடத்தைத் தேடிய ஒருவராகவும் அறிந்துகொள்வோம்.

பேருந்தில் போகும் மெழுகுக் கட்டி

ஏற்பி எங்கே இருந்தால் என்ன என்று கேட்டார் என் மாணவர். இடம் தெரிந்ததால் மருத்துவமனையில் என்ன மாறியது என்பதே அதற்கு விடை.

மார்புப் புற்றுநோய்களில் பல ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. அவற்றில் ஏற்பி இருக்கும். ஏற்பி உள்ள கட்டியே ஹார்மோன் சிகிச்சைக்குப் பணியும் என்று 1971ல் ஜென்சன் காட்டினார். தமாக்சிபென் என்ற மருந்து ஈஸ்ட்ரோஜனின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, மார்பில் அதன் வேலையைத் தடுக்கிறது. பிரிட்டனில் 1973லும் அமெரிக்காவில் 1977லும் அதற்கு அனுமதி கிடைத்தது. 1975ல் ஹார்விட்ஸ், மெக்வயர் என்போர் மற்றொரு கருத்தைச் சொன்னார்கள். புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் செல் உண்டாக்குவதே ஈஸ்ட்ரோஜனின் ஏவலால்தான். ஆகவே அதுவும் இருந்தால், முதல் ஏற்பி சும்மா இருக்கவில்லை, வேலை செய்கிறது என்று பொருள். தாளில் பாசிட்டிவ் இரண்டு இடத்தில் இருந்ததன் காரணம் இதுதான்.

ஆனால் ஏற்பியைச் சோதிக்கும் அன்றைய முறை சட்டி முறையே. கட்டியை அறுத்தெடுத்த கையோடு உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜன் வேண்டும். பிறகு அரைத்து, அதிவேகத்தில் சுழற்றி, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து எண்ண வேண்டும். கட்டி சிறியதாக இருந்தால் போதாது. சற்றுத் தாமதித்தால் புரதம் கெடும். அரைத்த கூழில் புற்றுச் செல் எவ்வளவு, நல்ல செல் எவ்வளவு என்றும் தெரியாது. இவ்வளவும் பெரு நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கே இயலும்.

எதிர்ப்பொருளும் சாயமும் வந்த பிறகு அறையை உடைக்காமல் பார்க்கும் வழி திறந்தது. முதலில் உறைந்த திசுவில் செய்தார்கள். பிறகு முறை மேம்பட்டு, பார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த கட்டியிலேயே செய்ய முடிந்தது. இந்த மெழுகுக் கட்டி சாதாரண வெப்பத்தில் கெடாது. தபாலில் அனுப்பலாம், பேருந்தில் பையில் வைத்தும் கொண்டுபோகலாம். மலையடிவார ஊரில் அறுவை செய்த திசுவை வேலூரிலோ சென்னையிலோ சோதிக்கலாம். அங்கே நோய்க்குறி நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பது பழுப்பு நிறம் ஏறிய உட்கருக்களையே. எத்தனை விழுக்காடு உட்கருக்களில் நிறம் ஏறியிருக்கிறது என்று எண்ணுகிறார். நிறம் வேறெங்கோ ஏறியிருந்தால் அதைக் கணக்கில் கொள்வதில்லை. சாயத்தின் பிழை என்று ஐயுறுகிறார். சட்டிச் சாறே ஏற்பியின் வீடு என்று இன்றும் நம்பிக்கொண்டிருந்தால், அந்தப் பழுப்பை எங்கே தேடுவது?

உண்மையிலேயே கரைந்தவை

கரையும் ஏற்பி என்பதே கற்பனையோ என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையிலேயே கரைந்து திரியும் ஏற்பிகளும் உண்டு. ஆனால் அவை வேறு குடும்பம்.

ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரைவது. செல்லின் சவ்வை ஊடுருவி உள்ளே வரும். இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை புரதங்கள். அவற்றால் ஊடுருவ முடியாது. ஆகவே அவற்றின் ஏற்பிகள் வாசற்படியில், சவ்வில் பதிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளிப்பகுதி சில சமயம் அறுபட்டு, அல்லது தனியாகவே உண்டாக்கப்பட்டு, இரத்தத்தில் மிதக்கிறது. இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனைப் பற்றும் ஒரு புரதம், அதன் ஏற்பியின் வெளிப்பகுதியே என்பது 1987ல் தெளிவாயிற்று.

இப்படி மிதப்பவை வேலையில் இருவகை. சில, தெருவில் யாரோ வைத்துவிட்டுப் போன போலித் தபால் பெட்டி போன்றவை. அதில் போட்ட கடிதம் எந்த வீட்டுக்கும் போய்ச் சேராது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தின் கரையும் ஏற்பி இப்படிப்பட்டது. அந்தத் தந்திரத்தையே மருந்தாக்கி, எட்டனர்செப்ட் என்ற பெயரில் மூட்டுவாத நோய்க்குக் கொடுக்க அமெரிக்காவில் 1998ல் அனுமதி தந்தார்கள். வேறு சில இதற்கு நேர்மாறு. இன்டர்லூக்கின் 6 என்ற புரதத்தின் கரையும் ஏற்பி, செய்தியை ஏந்திக்கொண்டு, அந்த ஏற்பியே இல்லாத செல்களிடமும் போய்ச் சேர்ப்பிக்கிறது. ஒன்று செய்தியை விழுங்குகிறது, மற்றொன்று பரப்புகிறது.

கரைசலில் ஓர் ஏற்பி கிடைத்ததும் விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை உடல் கரைத்ததா, நான் கரைத்தேனா? இந்தக் கேள்வியின் அருமையை நமக்கு உணர்த்தியது எலியின் கருப்பையில் நடந்த அந்தத் தேடலே.

முடிவாக

என் மாணவரின் தாயார் இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை மலையிலிருந்து இறங்கி வருகிறார். அண்மையில் வந்தபோது எனக்கென்று ஒரு புட்டித் தேன் கொண்டுவந்தார். மேல்பக்கம் மட்டும் அறுத்துப் பிழிந்த தேன். புளிக்கவில்லை.

அந்த மாணவர் இப்போது ஆய்வகத்தில் எந்த அளவீட்டை எழுதினாலும், பக்கத்தில் இன்னொரு பத்தியைக் கோடு போட்டு வைத்துக்கொள்கிறார். முதல் பத்தியின் தலைப்பு, கண்டது. இரண்டாம் பத்தியின் தலைப்பு, கருதியது. நான் சொல்லித்தரவில்லை. நீங்களும் உங்கள் செய்முறை நோட்டில் அப்படி ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.